பார் சிவக்கிறது, கண்ணும் சிவக்கிறது

கிட்டாருக்கு டாப், அதாவது கம்பிக்கு ஒரு கோடு போட்டு விரல் வைக்கும் இடத்தை எண்ணால் காட்டும் குறிப்பு, எழுதும் மென்பொருள்களைச் செய்தவர்கள் எப்போதாவது கிட்டாரைக் கையில் எடுத்திருக்கிறார்களா? நக்கலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியவேண்டும். மெட்டு வருவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கை கம்பியில் ஓடும், வாய் முணுமுணுக்கும், தாளம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த மென்பொருளுக்கு அதெல்லாம் கிடையாது. முதலில் ஸ்வரத்தின் நீளத்தைச் சொல். கால் பங்கா, எட்டில் ஒன்றா, பதினாறில் ஒன்றா? புள்ளி வைத்ததா, வைக்காததா? அதைச் சொன்ன பிறகுதான் எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் (கிட்டார்க் கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்) என்ற பேச்சே. நீளத்தைத் தெரிவுசெய்து, எண்ணை அடித்து, அடுத்த பீட்டுக்கு நகர்வதற்குள் மெட்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறி பம்பலப்பிட்டியைத் தாண்டிப் போய்விடும்.

அந்த எண்ணை அடிப்பதாவது லேசா? 12 அடிக்கவேண்டும் என்றால் ஒன்றையும் இரண்டையும் சட்டென்று அடுத்தடுத்துத் தட்டவேண்டும். ஒரு கணம் தாமதித்தால் 12 போய் 2 ஆகிவிடும். மேல் ஸ்தாயியில் போகவேண்டிய வரி இரண்டாம் ஃப்ரெட்டில் நின்று முழிக்கும். அதையும் உடனே கவனிக்கமாட்டோம், பத்துப் பார், அதாவது பத்துத் தாளக் கட்டம், தள்ளிப் போனபிறகுதான் காதில் குத்தும்.

அப்புறம் அந்தச் சிவப்பு. ஒரு பாருக்குள் கணக்குச் சரிவராவிட்டால் பார் சிவந்துவிடும். கூடினாலும் சிவப்பு, குறைந்தாலும் சிவப்பு. ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கணக்கு வாத்தியார் திருத்திய கொப்பி மாதிரி திரை கிடக்கும். நான் இன்னும் எழுதி முடிக்கவில்லையப்பா! முடிக்காத பாட்டு எப்படிப் பிழையான பாட்டாகும்?

சரி, கணக்கில் இவ்வளவு கெட்டி. கை என்றால் என்னவென்று தெரியுமா அதற்கு? ஆறாம் கம்பியில் முதலாம் ஃப்ரெட், இரண்டாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட், இரண்டையும் ஒரே கோர்டில் போட்டுப் பாருங்கள். வாயே திறக்காது. 650 மில்லிமீற்றர் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள சாதாரண கிளாசிக்கல் கிட்டாரில் இந்த இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே 28 சென்ரிமீற்றருக்கு மேல். எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கு அப்படி விரல் விரியும்? பிளே பட்டனை அழுத்தினால் மட்டும் ஜோராக வாசித்துக் காட்டும். பதினாறில் ஒரு பங்கு குறைந்ததற்குச் சிவக்கத் தெரிகிறது, மனிதக் கைக்கு முடியாததைப் பார்த்துச் சிவக்கத் தெரியவில்லை.

எந்த ஸ்வரம் எப்போது என்று மட்டும் சொல்லும் மிடி பைலை உள்ளே எடுத்தால் இந்தக் கூத்து இன்னும் மோசம். முதலாம் கம்பியை அழுத்தாமல் தட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் கம்பியில் 5இல் இருக்கிறது, மூன்றாவதில் 9இல், நாலாவதில் 14இல், ஐந்தாவதில் 19இல். சுருதி ஒன்றுதான், குரல் வேறு. ஒன்று கணீரென்று இருக்கும், இன்னொன்று தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். எதை எங்கே எடுப்பது என்று தீர்மானிப்பதுதான் கிட்டார்க்காரனின் வேலையில் பாதி. மென்பொருள் அதைத் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்துவிட்டு, ஒரு ஸ்வரத்தை 2இல் வைக்கும், பக்கத்து ஸ்வரத்தை 14இல் வைக்கும். பிறகு நாங்கள் இருந்து ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கவேண்டும்.

எங்கள் ஊர் ஆட்டப் பாட்டான பைலாவுக்கு வருவோம். எங்கள் குழு வாசிப்பது பெரும்பாலும் கல்யாண ரிசெப்ஷன்களில். கொழும்பில் ரிசெப்ஷன் என்றால் ஒரு சிக்ஸ் எய்ட், அதாவது 6/8 தாளத்துப் பைலா, போடாமல் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள். தமிழ் வீடோ சிங்கள வீடோ, பைலா தொடங்கினால் மூட்டுவலிக்கார மாமிமாரும் எழும்பி வந்துவிடுவார்கள். 6/8 என்று மென்பொருளில் போட்டால் ஆறு எட்டாம் பங்குகளையும் மூன்று மூன்றாகக் கட்டித் தருகிறது. தாளில் அது சரிதான். ஆனால் பைலா வாசிக்கும் வலக்கை அதே ஆறை இடையிடையே இரண்டு இரண்டாகவும் பிரித்து அழுத்தும். அந்த இழுபறிதான் மாமியை எழுப்புகிறது! அதை எழுத்தில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாக அழுத்தக்குறி போடவேண்டும்.

அடித்து வாசிப்பதும் அப்படித்தான். கை மேலிருந்து கீழே வரும்போது கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கும், பாதி அடியில் கம்பி வாயை மூடிக்கொள்ளும். மென்பொருளில் ஆறு எண்களும் ஒரே கணத்தில் டங் என்று விழும். மனிதன் வாசித்த மாதிரி வேண்டுமா? ஒவ்வோர் அடிக்கும் அம்புக்குறி போடு, அம்பின் வேகத்தைச் சொல், கம்பியை மூடும் இடமெல்லாம் பெருக்கல் குறி வை. ஒரு பார் பைலாவை உருப்படியாக எழுதும் நேரத்தில் பாட்டு முழுவதையும் வாசித்து, பிளேன்டி குடித்து, கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஆனால் என்னை அப்படி வாசிக்க விடுவார்களா? பிராக்டிஸுக்கு மணிக்கணக்கு வாடகை கட்டி அறை எடுக்கிறோம். அங்கே இடைவரியை நான் கிட்டாரில் வாசித்துக் காட்டுகிறேன். பேஸ் வாசிக்கும் தம்பி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “அண்ணா, பைல்ல இப்படி இல்லையே” என்கிறார். டிரம்ஸ் அடிக்கும் மல்லியும் (சிங்களத்தில் தம்பி) தலையாட்டுகிறார். பாட்டைக் கட்டியவன் நான். முன்னால் இருந்து வாசிப்பவனும் நான். சாட்சி மட்டும் லப்டொப்! வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்க, அந்த மெஷின் டங் டங் என்று அடித்ததைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்கள், ஓர் அசைவும் பிசகாமல்.

இன்னும் கொஞ்சம் போனால் பாட்டே மென்பொருளுக்கு ஏற்றமாதிரி வளையத் தொடங்குகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுங்கள். அது ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். மென்பொருளில் அதற்கு பென்ட் என்று ஒரு கட்டத்தைத் திறந்து, புள்ளி வைத்து, புள்ளியை இழுத்து, கால் தொனியா அரைத் தொனியா என்று படியேற்றி மூடவேண்டும். ஒரு காந்தாரத்துக்கு. அடுத்த காந்தாரம் வேறு மாதிரி ஆடும், அதற்கு வேறு கட்டம். நேராக ஓர் எண்ணைத் தட்டினால் வேலை ஒரு நொடியில் முடியும். இரவு ஒரு மணிக்கு எதைச் செய்வார்கள்? கமகம், அந்த ஆட்டம், போய்விடும். பிறகு நாலு பாரைக் கொப்பி பண்ணி ஒட்டு, இன்னும் எட்டுத் தடவை ஒட்டு. புதுப் பாட்டுகளின் கிட்டார் வரிகள் ஏன் இப்படிச் சதுரம் சதுரமாக இருக்கின்றன என்று கேட்கிறார்கள். எண்ணில் தட்ட லேசானது மட்டும்தான் பாட்டுக்குள் வருகிறது.

டாப்பையே நான் திட்டவில்லை. 1507இல் வெனிஸில் பெத்ருச்சி என்பவர் அச்சிட்ட, லூட் என்ற பழைய கம்பி வாத்தியத்துக்கான இசைப் புத்தகத்திலேயே ஆறு கோடு, கோட்டின்மேல் எண், அதற்கு மேலே தாளக்குறி எல்லாம் இருந்தன. விரல் எங்கே போகவேண்டும் என்று பார்த்தவுடனே விளங்கும். அந்த வாசகன் தாளில் இல்லாததைத் தன் கையால் நிரப்பினான், தாளும் பிளே பட்டனை வைத்துக்கொண்டு அவனோடு எதிர்வாதம் செய்யவில்லை.

தமிழ் வரிகளைச் சேர்க்கப் போனால் அது தனி வயிற்றெரிச்சல். இடைவெளியும் சிறுகோடும் வைத்து அசை அசையாக உடைத்துக் கொடுத்தால்தான் ஸ்வரத்துக்குக் கீழே போய் உட்காரும். பழைய வடிவத்தில் சேமித்தால் மறுபடி திறக்கும்போது பல்லவி முழுக்கக் கேள்விக்குறி. கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான் புது வேர்ஷனில் அனுப்புகிற பைலோ என்னிடம் திறக்கவே மாட்டேன் என்கிறது. “புதுசை வாங்கு மச்சான்” என்று லேசாகச் சொல்லிவிடுவார். அவருக்கென்ன! 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் அதே வருடம் 360ஐத் தொட்ட ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேன்.

இலவசமாக டக்ஸ்கிட்டார் இருக்கிறதே, மியூஸ்ஸ்கோர் இருக்கிறதே என்று இதற்குக் கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். காசு வாங்காமல் உழைக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி நீளம்தான்.

இந்தக் கிழமை பொறுமை போய்விட்டது. புது இடைவரியைப் ஃபோனில் வாசித்துப் பதிந்து, குழுவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கமகம், இழுபறி, கம்பி உரசும் சத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பேஸ் தம்பியின் பதில் வந்தது: “சூப்பர் அண்ணா. டாப் எப்ப அனுப்புவீங்க?”