பூஜ்யம் வரை இறக்க வேண்டாம்

அண்ணா, வாரம் ஒருமுறை சார்ஜைப் பூஜ்யம் வரை இறக்கினால்தான் போன் பேட்டரி நிலைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது அது. இப்போது போனில் இருப்பது லித்தியம் அயான், அதை அடிக்கடி முழுக்க வடியவிட்டால் ஆயுள்தான் குறையும். சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்திருப்பதே நல்லது. அதைவிட நம்ம வேலூர் வெயிலைப் பாருங்கள். போன மே மாதம் ஆற்காட்டுக்குப் போகும்போது பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, வெளிச்சத்தை முழுசாக வைத்து, பவர் பேங்கும் சொருகியிருந்தேன். மேல்விஷாரம் தாண்டுவதற்குள் கை வைக்க முடியாத சூடு, சார்ஜ் ஏறுவதே நின்றுவிட்டது. அந்தச் சூடுதான் பேட்டரியை அரிக்கும். அப்புறம், ஜவ்வாது மலைப் பக்கம் சிக்னல் கிடைக்காத இடத்தில் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும், அங்கே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.