தண்டவாளத்தைத் துடைச்சீங்களா சார்?

வீட்டுல பலகை மேல ஓட்டுற மாடல் ரயில்ல, எஞ்சின் பாயிண்ட் மேல, அதாவது பாதை பிரியுற இடத்துல நின்னா, "தண்டவாளத்தைத் துடைச்சீங்களா?" லைட் மினுக்கினா, "துடைச்சீங்களா?" வளைவுல பெட்டி தடம் புரண்டு கவிழ்ந்து கிடந்தாலும் அதே கேள்விதான். மாடல் விக்கிறவங்க கேக்கறாங்க, சக ரயில் பைத்தியங்கள் கேக்கறாங்க, காபி டம்ளரைக் கொண்டுவந்து நேரா பிளாட்ஃபாரத்து மேல வைக்கிற வீட்டு மனுஷங்களும் கேக்கறாங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல குப்பை கொட்டிட்டு, பிஎஃப் பணத்துல ஒரு ஓரத்தைக் கிள்ளி எடுத்து, ஆசைக்கு ஒரு டீசல் எஞ்சின் வாங்குன மனுஷன் லோகோ பைலட் ஆகலாம்னு பார்த்தா, கையில துணியோட கேங்மேன் ஆயிடறார். நிஜ ரயில்வேயில கீமேன்கூட டிராக்கை நடந்து பார்த்து, தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கிற சாவி கழண்டிருந்தா அடிச்சு இறுக்குவாரே தவிர, மேல துடைச்சுக்கிட்டே போகமாட்டார்.

சரி, துடைக்கிறோம். எதை வச்சு? இதைக் கேட்டா பதில் வராது. கையில கிடைச்சதை வச்சுத்தான்.

முதல்ல அந்தக் கறுப்பு என்னன்னு யாராவது யோசிக்கறாங்களா? அது வெறும் தூசியா இருந்தா ஊதினாலே போயிடும். சக்கரமும் தண்டவாளமும் தொடுற இடம் கடுகைவிடச் சின்னது. மோட்டாருக்குப் போற மொத்தக் கரண்டும் அது வழியாத்தான் போகணும். ஓடுறப்ப அந்தத் தொடுப்பு விட்டுவிட்டுச் சேரும், ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாம ஒரு பொறி. அந்தப் பொறியில உலோகம் துளித்துளியா கருகி ஆக்ஸைடா படியுது. அது மேல தாளிப்பு எண்ணெயோட ஆவி, சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை, ஃபேன் இறக்கிவிடுற பஞ்சுத்தூசி, கடலோரமா வீடிருந்தா உப்புக்காத்து. எல்லாம் கலந்து பிசின் மாதிரி ஒட்டிக்குது. நிக்கல் சில்வர் தண்டவாளம்னு பேருதான் பெத்த பேரு. அதுல வெள்ளி குண்டுமணி அளவுகூடக் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

இந்தப் பிசினை எடுக்கறேன்னு உப்புத்தாளை எடுக்கறாங்க பாருங்க, அங்கதான் ரத்தம் கொதிக்குது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச அன்னைக்கு எஞ்சின் சிட்டாப் பறக்கும். ஆனா தண்டவாளத்தோட தலையில நூத்துக்கணக்கான கீறல் விழுந்திருக்கும். அடுத்த அழுக்கு அந்தக் கீறல்ல குடியேறி வாடகை கொடுக்காம உட்கார்ந்துக்கும். பத்து நாள்ல திரும்பத் தேய்க்கணும், அப்புறம் ஆறு நாள்ல. இதுக்கும் மேல ஒரு கூட்டம் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை எடுத்துட்டு வருது. ஐயா, மோட்டாருக்குள்ள காந்தம் இருக்கு. உதிர்ந்த ஒரு நூல் உள்ள போய் ஒட்டினா ஷார்ட்தான். எஞ்சினைப் பிரிச்சு, பல்லுக்குத்தும் குச்சியால நோண்டி எடுக்கிறதுக்குள்ள அன்னைக்குச் சாயங்காலம் போயிடும்.

கொரோனா காலத்துல வாங்கி மிச்சம் கிடக்குற சானிடைசரை ஊத்தறவங்களுக்குத் தனியா ஒரு கும்பிடு. அதுல கை வறண்டுபோகாம இருக்க கிளிசரின் கலந்திருப்பாங்க. கைக்கு நல்லது. தண்டவாளத்துல அது ஆறின பாகு மாதிரி ஒட்டும்.

சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹால் அழுக்கைக் கரைச்சு எடுக்கும், இல்லைங்கல. ஆனா அது போலார் வகைக் கரைப்பான், அதாவது மூலக்கூறோட ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ். அந்தக் குணத்தைக் காட்டுற மின்கடவா எண் 18-க்கு மேல. அதுல துடைச்ச தண்டவாளம் சீக்கிரமே திரும்பக் கறுக்குதுன்னு மாடல் ரயில்காரங்க உலகம் பூரா புலம்பறாங்க. மண்ணெண்ணெய், பெயிண்ட் கடையில கிடைக்கிற மினரல் டர்பன்டைன் இதெல்லாம் 2-க்குப் பக்கத்துல இருக்கிற ரகம். இதுல துடைச்சா அடுத்த தடவை துணியை எடுக்க நாளாகும். ரேஷன் மண்ணெண்ணெய் வேண்டாம், நாத்தத்துல வீட்டைவிட்டே துரத்திடுவாங்க. டர்பன்டைன் போதும். பவரை ஆஃப் பண்ணிட்டு, ஜன்னலைத் திறந்துட்டு, பலதடவை துவைச்சு நஞ்சுபோன பழைய வேட்டித் துணியில நாலு சொட்டு விட்டுத் துடைங்க. தண்டவாளத்துல நேரா ஊத்தாதீங்க, அடியில குறுக்கா இருக்கிற ஸ்லீப்பர் கட்டையோட பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அப்புறம் காய்ஞ்ச துணியால இன்னொரு தடவை. இந்த ரெண்டாவது துடைப்பை விட்டுட்டு, "டர்பன்டைன் போட்டா எஞ்சின் வழுக்குது"ன்னு சண்டைக்கு வராதீங்க.

தண்டவாளத்தைப் பளிங்கா துடைச்சுட்டு, அது மேல கறுத்த சக்கரத்தை ஏத்துற புத்திசாலித்தனம் இன்னொரு ரகம். குளிச்சுட்டு அழுக்குச் சட்டையை மாட்டிக்கிற கதைதான். எஞ்சின் சக்கரம் துடைக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். தண்டவாளத்துக்குக் குறுக்கா விரிச்சு, டர்பன்டைன்ல லேசா நனைச்சு, எஞ்சினோட ஒரு போகி (அடியில சக்கரங்கள் பூட்டின வண்டி) பேப்பர் மேலயும் இன்னொரு போகி வெறும் தண்டவாளத்து மேலயும் நிக்கிற மாதிரி வச்சு, எஞ்சினைக் கையால பிடிச்சுக்கிட்டு பவர் கொடுங்க. பேப்பர்ல ரெண்டு கறுப்புக் கோடு விழும். கோடு வராத வரைக்கும் பேப்பரை நகர்த்துங்க, அப்புறம் எஞ்சினைத் திருப்பி வச்சு அடுத்த போகி. பெட்டிகளோட பிளாஸ்டிக் சக்கரங்கள்தான் இதுல மகா பாவி, அழுக்கை ஒரு ஸ்டேஷன்ல ஏத்தி அடுத்த ஸ்டேஷன்ல இறக்கும். உலோகச் சக்கரமா மாத்திடறது நல்லது. அச்சுக்கு எண்ணெய் விடுறவங்க ஊசி முனையில தொட்டு ஒரு சொட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழியில ஏசி போட்ட ரூம்ல உறைஞ்சு நிக்கும்.

இவ்வளவும் பண்ணியாச்சு. எஞ்சின் அதே இடத்துல நிக்குது. மறுபடியும், "துடைச்சீங்களா?"

அழுக்குன்னா எல்லா இடத்துலயும்தானே இருக்கும்? அதே அடியில, அதே ஸ்லீப்பர் கட்டை மேல, கோயில் வாசல்ல நின்னு கும்பிடுற மாதிரி தினமும் நின்னா அது ஒயரிங் கோளாறு. இதை ஒத்துக்க யாருக்கும் மனசு வராது, ஏன்னா ஒயரிங்னா பலகைக்கு அடியில மல்லாக்கப் படுக்கணும். அறுபதைத் தாண்டின முதுகு அதுக்குச் சம்மதிக்காது. துணின்னா நின்னுக்கிட்டே துடைக்கலாம்.

ரெண்டு தண்டவாளத்தைச் சேர்க்குற ஃபிஷ்பிளேட் இருக்கே, அது தண்டவாளத்தை நேரா பிடிச்சுக்கத்தான். கரண்ட் கடத்துறதை அதோட தலையில கட்டினா முதல் வருஷம் கடத்தும். அப்புறம் உள்ள ஆக்ஸைடு பிடிக்கும். போதாக்குறைக்கு ஜல்லி ஒட்டறேன்னு ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விடும் கலந்து ஊத்துவோம். லிக்விட் எதுக்கு? பசை இண்டு இடுக்கெல்லாம் இறங்கணும்னு. அது சொன்ன பேச்சைக் கேட்டு ஃபிஷ்பிளேட்டுக்குள்ளயும் இறங்கி, காய்ஞ்சு, அருமையான இன்சுலேட்டரா உட்கார்ந்துக்கும். மேல எவ்வளவு துடைச்சா என்ன?

இதுக்கு வழி ஃபீடர் ஒயர். பலகைக்கு அடியில 2.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயரை ரெண்டு நிறத்துல முதுகெலும்பு மாதிரி ஓட்டுங்க. அதுல இருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஒரு சாணுக்கு மேல நீளம் வேண்டாம். ஃபிளெக்ஸ் டிராக், அதாவது இஷ்டத்துக்கு வளைக்கிற தண்டவாளம், 914 மிமீ நீளம் வரும், அப்ப மூணு அடிக்கு ஒரு ஜோடின்னு கணக்கு. ஒயரை ஈயம் வச்சுப் பத்த வைக்கிறது தண்டவாளத்தோட வெளிப்பக்கம்தான், உள்பக்கம் வச்சா சக்கர விளிம்பு இடிக்கும். ரெண்டு பக்க ஸ்லீப்பர் மேலயும் நனைச்ச பஞ்சு வச்சுட்டு, ஃபிளக்ஸ் தடவி, நல்லாச் சூடான சால்டரிங் அயர்னால தொட்டு ரெண்டு மூணு செகண்ட்ல எடுத்துடுங்க. சூடு பத்தாத அயர்னை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தா ஈயம் ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்லீப்பர் அல்வா ஆயிடும்.

டிசிசி, அதாவது எஞ்சினுக்கு டிஜிட்டல் சிக்னல்ல கட்டளை அனுப்புற முறை, வச்சிருக்கிறவங்க 5 ரூபாய் காசு ஒண்ணை எடுத்து ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கா வைங்க. தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்குற பூஸ்டர் உடனே கட் ஆகணும். லேஅவுட்டோட எந்த மூலையில வச்சாலும் கட் ஆகணும். ஒரு இடத்துல கட் ஆகலைன்னா அங்க ஒயர் பத்தலை, பூஸ்டருக்கு ஷார்ட் ஆனதே தெரியலை. உண்மையான ஷார்ட் அங்க வந்தா பெட்டியோட சக்கரம் சூடாகி பிளாஸ்டிக் உருகும். சாதா டிசி ஆளுங்க கடைசி முனையில ஒரு 12 வோல்ட் பல்பைப் போட்டுட்டு, அது எரியுறப்ப மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. கண்ட்ரோலர் கிட்ட இருக்கிறதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா படுத்துத்தான் ஆகணும், பாயை எடுங்க.

பாயிண்ட் மேல நிக்கிறது இன்னும் கொடுமை. அந்த நகர்ற பிளேடு பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டு, அந்தத் தொடுப்பு வழியாத்தான் கரண்ட் வருது. ஒரு மயிரிழை தூசி போதும், பிளேடு செத்துடும். பிளேடையும் அதோட தண்டவாளத்தையும் சின்ன ஒயரால நிரந்தரமா இணைச்சுட்டு, நடுவுல ரெண்டு தண்டவாளம் குறுக்க வெட்டிக்கிற ஃபிராகுக்குத் தனியா மைக்ரோ சுவிட்ச் வழியா கரண்ட் கொடுத்தா தலைவலி தீரும். பிளாஸ்டிக் ஃபிராக் வச்ச பாயிண்ட்டை வாங்கி, அது மேல நாலு சக்கர ஷண்டிங் எஞ்சினை மெதுவா ஓட்டிட்டு, "எஞ்சின் மட்டம்"னு சொல்றவங்களை என்ன பண்றது? நாலுல ரெண்டு சக்கரம் ஃபிராக் மேல நிக்குது, ஒண்ணுல ரப்பர் டயர் மாட்டியிருக்கு. மிச்சம் ஒரே ஒரு சக்கரம். கரண்ட் எப்படிங்க வரும், ஜெபம் பண்ணினா வருமா?

தடம் புரள்றதுக்கும் துணிக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. வெர்னியர் எடுத்து ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல, முதுகுக்கு முதுகு அளந்து பாருங்க. எச்ஓ ஸ்கேலுக்கு, அதாவது நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவுக்கு, 14.4 மிமீ பக்கம் இருக்கணும். 14 இருந்தா பாயிண்ட்ல ஏறும், குதிக்கும். எடையையும் பாருங்க. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்ற கணக்குப்படி எச்ஓ பெட்டிக்கு அடிப்படை 28 கிராம், அப்புறம் நீளத்துல ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். எல்எச்பிங்கற புது ரகப் பயணிகள் பெட்டி, 27 செமீ நீளம்னா 180 கிராம் வரும். பெரம்பூர்ல செய்ற நிஜப் பெட்டி மாதிரியே இருக்குன்னு வாங்குனது 110 கிராம்தான் இருந்தா, ஃபேனைக் கூட்டி வச்சாலே ஆடும். கூரைக்குள்ள ஒட்டாம, தரையில ஈயத்துண்டோ இரும்பு நட்டோ ஒட்டுங்க.

அதுவும் போகட்டும், அந்த 27 செமீ பெட்டியை 438 மிமீ ஆரத்துல வளைக்கப் பார்க்கறாங்க. பெட்டி நீளத்துல மூணு மடங்காவது ஆரம் வேணும், அதாவது 80 செமீக்கு மேல. அரை வட்டம் அடிக்கவே ஐந்தரை அடி அகலம் போச்சு. 22 பெட்டி ரேக் முழுசா ஓட்டணும்னா எஞ்சினோட சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல. அந்தச் சின்ன வட்டத்தோட சுத்தளவு 2.75 மீட்டர்தான், எஞ்சின் தன் கார்டு வேனைத் தானே போய் முட்டும். ஒன்பதுக்குப் பத்து ரூம்ல எல்லாப் பெட்டியும் வேணும்னா எச்ஓவைவிடச் சின்ன 'N' ஸ்கேலுக்குப் போங்க, இல்லைன்னா எட்டுப் பெட்டியோட ஆசையை அடக்குங்க.

இதுல ஒரு வயித்தெரிச்சல். நம்ம அகல ரயில்பாதை 1,676 மிமீ. 87-ஆல வகுத்தா 19.3 மிமீ வரணும். ஓட்டுறதோ 16.5 மிமீ தண்டவாளத்துல, அது வெளிநாட்டு 1,435 மிமீ பாதைக்குப் போட்ட அளவு. அதனாலதான் நம்ம எஞ்சின் எல்லாம் பெரிய உடம்பும் ஒடுங்குன காலுமா தெரியுது. எழும்பூர்ல ஓடி மறைஞ்ச மீட்டர் கேஜுக்கு மட்டும் 12 மிமீ தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்துது. இருக்கிற பாதைக்குச் சட்டை சேரலை, போன பாதைக்கு அளவெடுத்துத் தச்சிருக்கு.

உதிரிபாகம் வரவழைக்கலாம்னா அது தனிப் புலம்பல். சுங்கத் தீர்வை அட்டவணையில 9503-ங்கற ஒரே தலைப்புக்குள்ள முச்சக்கர சைக்கிள், பொம்மை, ஸ்கேல் மாடல் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்காங்க. பொம்மை இறக்குமதி வரியை 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023-ல 70. தரக் கட்டுப்பாட்டு ஆணையோ 14 வயசுக்கு உள்பட்ட பிள்ளைங்க விளையாடுற சாமானுக்குன்னு போட்டது. பென்ஷன் புக்கை நீட்டி வயசைக் காட்டினாலும் பார்சல் மேல "பொம்மை"தான்.

சாயங்காலம் விருந்தாளி வருவாங்க. எஞ்சின் அந்த நேரம் பார்த்து நிக்கும். "துடைச்சீங்களா அங்கிள்?"னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம ஆள்காட்டி விரலால தண்டவாளத்தை ஒரு முழம் தடவிப் பார்த்து, "சுத்தமாத்தானே இருக்கு"ன்னு சொல்வாங்க. அந்த விரல்ல அப்பதான் சாப்பிட்ட பஜ்ஜியோட எண்ணெய் மினுமினுக்கும். வேட்டித் துணியை எங்க வச்சோம்னு தேட வேண்டியதுதான்.