அந்த ஒரு மிட்டாய்
'தி பியானிஸ்ட்' படத்தின் நாயகன், போலந்து யூத பியானோ கலைஞன் ஷ்பில்மன், நாஜிகளிடமிருந்து படம் முழுக்க ஒளிந்துகொண்டே இருக்கிறான், எதுவுமே செய்யவில்லை, அதனால் மனசில் ஒட்டவில்லை என்று உங்கள் விமர்சனத்தில் எழுதியிருக்கிறீர்கள். சார், படமே அதுதானே! 1942 ஆகஸ்டில் வார்சாவில் கொலைமுகாமுக்குப் போகும் ரயிலுக்காக வெயிலில் உட்கார வைக்கப்பட்ட யூதர்கள் கூட்டத்துக்கு நடுவே ஒரு பையன் மிட்டாய் விற்றுக்கொண்டு வருகிறான், ஷ்பில்மனின் அப்பா குடும்பத்தில் எல்லாரிடமும் மிச்சமிருக்கிற காசைத் திரட்டி ஒரே ஒரு மிட்டாய் வாங்கி, அதைச் சின்னக் கத்தியால் ஆறாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறார். அந்தக் குடும்பம் சேர்ந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது. என் அம்மா பாதியில் எழுந்து சமையலறைக்குப் போனது துப்பாக்கிச் சூட்டைப் பார்த்து இல்லை, இந்த இடத்தில்தான்.

கொஞ்ச நேரத்தில் கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) போலீஸ்காரர் ஒருவர் ஷ்பில்மனை மட்டும் வரிசையிலிருந்து இழுத்து வெளியே தள்ளிவிடுகிறார், மற்ற ஐந்து பேரும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகும் ரயிலில். இதில் ஷ்பில்மன் என்ன வீரம் காட்ட வேண்டும் என்கிறீர்கள்? பிழைத்ததே தற்செயல். படத்தின் இயக்குநர் பொலான்ஸ்கியும் சிறுவனாக கிராகோவ் கெட்டோவிலிருந்து தப்பியவர்தான், அவருடைய அம்மா அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

சரி, குறையே இல்லையா என்றால் இருக்கிறது. ஜெர்மன் சிப்பாய்கள் ஜெர்மனில் கத்துகிறார்கள், போலந்துக் குடும்பம் மட்டும் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம் பேசுகிறது. இத்தனை முறை பார்த்தும் அது உறுத்தத்தான் செய்கிறது.