ஓய்வெடுக்கத்தான் வந்தோமாம்!

குழந்தையோடு விடுமுறையில் தாய்நாட்டுக்கு வந்தால், உறவினர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருத்துவப் பட்டம் எப்படித்தான் கிடைத்துவிடுகிறதோ? பிள்ளை மெலிந்துவிட்டதாம், இன்னும் பேச்சு வரவில்லையாம், பழகாத முகங்களைக் கண்டு அழுவதுகூட என் வளர்ப்பின் கோளாறாம். உடலின் கடிகாரம் புதிய நேரத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும் என்பதால், நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து பொம்மைக் காரைத் தரையில் உருட்டும் பிள்ளையை, விடியும் வேளையில் அரும்பாடுபட்டு உறங்கவைத்தால், 'சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்' என்று வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளி எழுப்பிவிட்டு, அது வீறிட்டதும் என் கையில் திணித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். மற்ற உறவினர் வீடுகளுக்கெல்லாம் நாங்களே போய்த் தலைகாட்ட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் ஆயுளுக்கும் மனத்தாங்கல் (அவர்கள் மட்டும் வரமாட்டார்கள்). இத்தனைக்கும் பிறகு, அலுவலகத்தில் 'நன்றாக ஓய்வெடுத்தீர்களா?' என்று கேட்பவர்களை என்னதான் செய்வது?