பாத்ரூம்ல குளிச்சது தப்புங்களா?

"தண்ணிய கொஞ்சம் கம்மியா ஊத்திக் குளிங்க, ஒழுகுறது தானா நின்னுடும்."

பிளம்பர் சொன்ன தீர்ப்பு இது. முழு சுயநினைவோட சொல்லி, வந்து பாத்ததுக்குக் கூலியும் வாங்கிட்டுப் போயிட்டாரு. அடுப்பு எரியலன்னு கூப்பிட்டா "சமைக்கிறதைக் குறைங்க"ன்னு சொல்வாங்களா? பாத்ரூம்னு ஒண்ணைக் கட்டினதே தண்ணி ஊத்தத்தானய்யா! பின்ன என்ன, நெல்லா கொட்டி வைப்பாங்க?

மாடி வீட்டு பாத்ரூம் கீழ்வீட்டு சீலிங்ல இறங்குற கதையை அபார்ட்மென்ட்காரங்களுக்கு விளக்கவே வேணாம். முதல்ல தட்டு அளவுக்கு ஓர் ஈரத்திட்டு. அடுத்த மாசம் அது தாம்பாளம். பெயின்ட்டுக்கு அடியில பூசின பட்டி உப்பிக்கிட்டு, தொட்டா பொலபொலன்னு கொட்டும், வெள்ளையா உப்பு பூத்திருக்கும். அப்புறம் ஒரு நாள் சரியா ஃபேன் கொக்கி வழியா சொட்டும்.

அன்னிக்கு ஆரம்பிக்கும் ஊர்வலம்.

பிளம்பர் குழாயைத் திறப்பாரு, மூடுவாரு, காதை வெச்சுக் கேப்பாரு. "நம்ம லைன் சுத்தமா இருக்குங்க, டைல்ஸ் ஜாயின்ட்ல இறங்குது." டைல்ஸ்காரரு: "டைல்ஸ் அழகுக்குங்க. தண்ணிய நிறுத்தவேண்டியது அடியில அடிச்ச கோட்டிங், அவரைக் கேளுங்க." கோட்டிங்காரரு: "நான் அடிச்சு முடிச்ச மறுநாள் பிளம்பர் வந்து அது மேலயே உளி வெச்சு, தரைத்தண்ணி வடியுற ட்ராப்பை இறக்கினாரு, போட்டோ இருக்கு." போட்டோ இருக்காம்! உளி இறங்குறதைத் தடுக்கத் தோணல, நின்னு நிதானமா போட்டோ எடுக்கத் தோணியிருக்கு. கொத்தனாரு: "கான்கிரீட்டுக்கு முட்டுக்குடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சப்பவே ஸ்லாப்புல பொத்தலு இருந்துச்சு, அது வேற செட்டு போட்டதுங்க." இன்ஜினியரு: "அந்த லோடு எம்-சாண்ட் சரியில்ல." எம்-சாண்ட் அனுப்பினவரு போனே எடுக்கமாட்டாரு, அதனால இருக்கறதுலயே நியாயமான மனுஷன் அவருதான்.

பில்டர் கத்தவே மாட்டாரு. ரொம்ப அன்பா கேப்பாரு: "சாவி குடுக்கும்போது ஒழுகலையே சார். உள்ள ஏதாவது ட்ரில் போட்டீங்களா?" கண்ணாடி மாட்ட 2 ஓட்டை போட்டிருப்பீங்க. முடிஞ்சது கேஸ். சாவி குடுத்து 5 வருஷத்துக்குள்ள வேலைக்குறைன்னு எழுதிக் குடுத்தா 30 நாள்ல காசு வாங்காம சரிபண்ணித் தரணும்னு 2016 ரியல் எஸ்டேட் சட்டம் 14-வது பிரிவு சொல்லுது. அதைச் சொல்லிப் பாருங்க. "அது வேலைக்குறையா இருந்தாத்தானே சார்"னு அதே அன்போட பதில் வரும்.

இத்தனை பேருக்கும் மேல மாடி வீட்டுக்காரர். "எங்க வீட்ல ஒழுகலையே, ஒழுகுறது உங்க வீட்லதானே?" தத்துவம்னா இதுதான். இவருதான் டைல்ஸ் பளபளன்னு இருக்கணும்னு வாராவாரம் ஆசிட் ஊத்தித் தேய்க்கிறவரு. அந்த ஆசிட் ஜாயின்ட்ல இருக்குற வெள்ளை சிமென்ட்டைத் தின்னு தீர்த்து, விரல் நகம் போற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க சிக்கலே, கூடமும் நெஜமாவே கோணல். ஒவ்வொருத்தரும் அடுத்தவரைப் பத்திச் சொல்றது மொத்தமும் உண்மை. தன்னைப் பத்திச் சொல்றது மட்டும்தான் பொய்.

சரி, உள்ள என்ன நடந்திருக்கும்? பாத்ரூம் ஸ்லாப்பை 9 அங்குலம், 1 அடின்னு பள்ளமா இறக்கிப் போட்டிருப்பாங்க, கழிவுக்குழாய் அதுக்குள்ள ஓடுறதுக்காக. முறைப்படி குழாய், ட்ராப் எல்லாம் முதல்ல உக்காரணும். குழாய் சுவரைத் துளைச்சு வெளியேறுற இடத்தைச் சுருங்காத க்ரவுட் கலவை வெச்சு அடைக்கணும். தரையும் சுவரும் சேர்ற மூலையைக் கலவையால உருட்டிவிடணும், ஏன்னா கோட்டிங் முதல்ல விரிசல் விடுறது அந்தச் செங்குத்து மூலையிலதான். அப்புறம் குறுக்கும் நெடுக்குமா 2 கோட். சுவத்துல 1 அடி ஏத்தி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. காஞ்சதும் தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ போய் அண்ணாந்து பாக்கணும். அதுக்கப்புறம்தான் பள்ளத்தை நிரப்பணும்.

நடக்கறது? கோட்டிங் முதல்ல, பிளம்பர் அப்புறம். குழாய்த் துளையைச் சுத்தி சிமென்ட் பேப்பரைக் கசக்கித் திணிச்சு மேல சிமென்ட் பால் பூசுவாங்க. தண்ணி கட்டுறது ஒரே ஒரு ராத்திரி, அதுவும் காலையில வத்திப்போயிருந்தா "வெயில்ல ஆவியாயிடுச்சு." ராத்திரியில வெயில்! பள்ளத்துக்குள்ள செங்கல் துண்டு, உடைஞ்ச டைல்ஸ், சாப்பாட்டுப் பொட்டலம்னு சைட்ல கூட்டின அத்தனையும். அந்தக் கூர்முனை எல்லாம் கோட்டிங்கைக் கிழிக்கும். அதுக்கு மேல டைல்ஸ், ஜாயின்ட்ல வெள்ளை சிமென்ட்.

இனிதான் எல்லாரும் தப்பிக்கிற இடமே. டைல்ஸ் இடுக்குல இறங்குற தண்ணி நேரா கீழ வராது. அந்தப் பள்ளம் ஒரு தொட்டி. அடியில தேங்குறதை வெளியேத்த ஒரு சின்னக் குழாய் வைக்கணும், அதை யாரும் வைக்கிறதில்ல. அதனால தண்ணி வாரக்கணக்குல அங்கேயே கிடந்து, ஸ்லாப்புல எங்க ஓட்டை இருக்கோ அந்த வழியா, 6 அடி தள்ளிக்கூட சொட்டும். பாத்ரூமைப் பூட்டிட்டு 3 நாள் ஊருக்குப் போனாலும் சொட்டும். உடனே டைல்ஸ்காரரு: "குளிக்கவே இல்ல, ஆனாலும் ஒழுகுது, அப்ப பிளம்பிங்தான்!" பிளம்பரு: "மேல வால்வையே மூடியாச்சு, இன்னும் சொட்டுது, அப்ப டைல்ஸ்தான்!" ரெண்டு பேருக்கும் சாட்சி அதே பழைய தண்ணி.

இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையான்னா, இருக்கு. முதல்ல சப்ளை லைன். குழாய்களைக் கழட்டி ப்ளக் போட்டு, கைப்பம்ப்ல சதுர சென்டிமீட்டருக்கு 5, 6 கிலோ அழுத்தம் ஏத்தி, கேஜ் முள்ளை 1 மணி நேரம் பாருங்க. இறங்கினா சுவத்துக்குள்ள இருக்குற குழாய்ல கோளாறு. காதை வெச்சுக் கேட்டா தெரியாது. டேங்க் 3 மீட்டர் மேல இருந்தா லைன்ல இருக்கறதே 0.3 கிலோதான், அந்த அழுத்தத்துல கசியுற சத்தம் எந்தக் காதுக்குக் கேக்கும்? முள் நிக்குதுன்னா அடுத்தது கழிவுக்குழாய். தரை நனையாம, ஒரு ஹோஸை ட்ராப்புக்குள்ள விட்டு சிவப்புக் கலர் பொடி கரைச்ச தண்ணிய ஊத்தணும். 3, 4 நாள் காத்திருக்கணும், தொட்டியில இருக்குற பழசு முதல்ல சொட்டும். சிவப்பு வரலன்னா ட்ராப் வாயை அடைச்சு, தரை முழுக்க 1 அங்குலம் பச்சைத் தண்ணி கட்டணும். பச்சையா சொட்டுச்சுன்னா தரை, அதாவது ஜாயின்ட்டும் கோட்டிங்கும் சேந்து செத்திருக்கு.

செலவுன்னு பாத்தா ரெண்டு பொட்டலம் கலர் பொடியும் பம்ப் வாடகையும். ஆனா யாரும் செய்யமாட்டாங்க. கலர் வந்துட்டா ஆளு தெரிஞ்சிடும், ஆளு தெரிஞ்சா தரையை உடைக்கிற கூலி அந்த ஆளு தலையில. அதனால எல்லாரும் ஒருமனசா "மேலாப்புல ஜாயின்ட்ல எபாக்ஸி பசை அடிச்சு விட்ரலாங்க"ம்பாங்க. இல்லாட்டி கீழ்வீட்டு சீலிங்ல ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்துவாங்க. தண்ணி அடங்கிப் போயிடாது, பக்கத்து வீட்டுச் சுவத்துல ஓதமா வரும். அங்க ஒரு புது ஊர்வலம்.

பாட்டி சொன்ன கதை ஞாபகம் வருது. கன்னம் வைக்கப் போன கள்ளன் மேல சுவர் இடிஞ்சு விழுந்துடும். ராஜா கொத்தனைக் கூப்பிட்டா அவன் சித்தாள் கலவையில தண்ணி ஊத்திட்டாம்பான். சித்தாள், குயவன் பானைக்கு வாயைப் பெருசா வெச்சுட்டாம்பா. குயவன், தெருவுல ஒருத்தி சலங்கை கட்டிப் போனா, கவனம் சிதறிடுச்சும்பான். கடைசியில கழுமரத்துக்கு யாரு உடம்பு பொருந்துதோ அவனை ஏத்துங்கம்பாரு ராஜா. எத்தனை நூறு வருஷம் ஆனாலும் அதே கொத்தன், அதே சித்தாள், அதே அதிகப்படித் தண்ணி! கழுமரத்துக்குப் பொருந்துற உடம்பு இந்தக் காலத்துல கீழ்வீட்டுக்காரர். அவருதான் சீலிங் பெயின்ட்டுக்குக் காசு குடுக்கிறவரு. டிராயிங் ரூம்ல பக்கெட் வெச்சுக்கிட்டு, நடுராத்திரியில டொக்கு டொக்குன்னு எண்ணிக்கிட்டு படுத்திருக்கிறவரு. சிரிப்புதான் வருது, வேற என்ன வரும்.

அதெல்லாம் விடுங்க. இந்தத் தொழில்காரங்க யாராவது என்னிக்காவது சொந்தமா ஓர் ஏணி கொண்டுவந்து பாத்திருக்கீங்களா? சீலிங்கைப் பாக்கத்தான வர்றாரு? வாசல்லயே "ஸ்டூல் இருக்குங்களா?" ஸ்டூல் எட்டலன்னா டைனிங் டேபிள் நாற்காலி. அதுவும் ஈரக்காலோட!