டியூபுக்குள் இருந்த வழுவழுப்பு

மஞ்சள், கிராம்பு, பூண்டில் உள்ள பொருட்கள், பாக்டீரியா கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் வழுவழுப்பான உயிர்ப்படலத்தைக் கலைக்கும் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. ஆய்வகத்தில் கலைப்பது உண்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் மஞ்சள் பாலை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பெரம்பூரில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது யூரின் டியூப் போட்டிருந்தோம். காய்ச்சல் வரும், ஆன்டிபயாடிக்கில் அடங்கும், பத்து நாளில் திரும்பவும் வரும். டியூபை மாற்றிய பிறகுதான் நின்றது. மாற்ற வந்த நர்ஸம்மா பழைய டியூபைக் காட்டினார். உட்புறம் முழுக்க வழுவழுவென்று ஒரு படிவு. பாக்டீரியா தானே சுரக்கும் பசைக்குள் பதுங்கிக்கொண்டால், சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தைக்கூடத் தாங்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பல்லில் படியும் காரையும் இதே ஜாதிதான்.

தாவரப் பொருட்களில் என்னை ஈர்ப்பது, அவற்றில் சில பாக்டீரியாவைக் கொல்லாமலே அவற்றின் பேச்சைக் கெடுப்பது. வேதிச் சைகைகளால் கூட்டம் சேர்ந்ததை உணர்ந்துதான் பல பாக்டீரியாக்கள் படலத்தை வளர்க்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் அந்தச் சைகையை மஞ்சளில் உள்ள குர்குமின் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கொல்லாததால், மருந்துக்கு அடங்காத வகைகள் உருவாகும் நெருக்கடியும் குறையலாம்.

ஆனால் நாம் சாப்பிடும் குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது. டியூபின் மேலேயே பூச்சாகப் பூசிப் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றி அடுத்து விரிவாக எழுதுங்கள். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் தேவை.