யார் கடை விரிப்பது?

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாத்தையும் நெட்ல கொட்டுறாங்க" என்று என் வயதுக்காரர்கள் புலம்பும்போது சிரிப்புதான் வருகிறது. கொட்டுவது நாம்தானே?

முகநூலுக்கு முன்பு நாம் குடியிருந்த ஆர்குட் என்ற சமூக வலைதளத்தில், அடுத்தவர் பக்கத்தில் ஸ்கிராப் என்ற குறுஞ்செய்தி எழுதிப் பழகிய கைகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தோடே முகநூலுக்கு வந்தோம். பிள்ளைக்கு மொட்டையடித்தது, புது பைக் வாங்கியது, மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது எல்லாம் போட்டோம். மேலதிகாரி, பள்ளித் தோழன், சம்பந்தி என்று எல்லாரும் பார்க்கத்தான் போட்டோம். பிறந்த குழந்தையின் படத்தை எடை, நேரம், நட்சத்திரத்தோடு ஊருக்கே காட்டிவிட்டு, பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பிரைவசி பற்றிப் பாடம் எடுக்கிறோம்.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் அவள் பக்கத்தைத் திறந்தால் ஒரு படம்கூட இல்லை. (நாள் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறாள் என்பது வேறு விஷயம்.) போடுவதெல்லாம் ஸ்டோரி, 24 மணி நேரத்தில் காணாமல் போய்விடும். அதிலும் பாதி 'க்ளோஸ் பிரெண்ட்ஸ்' பட்டியலுக்கு மட்டும். மற்றபடி தோழிகளுக்குள் ரீல்ஸ் அனுப்பிக்கொள்வதுதான் பேச்சே.

இதைத் திருட்டுத்தனம் என்கிறாள் அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் ஆர்குட்டில் சேர்ந்தபோது வீட்டுப் பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் குடும்பமே உள்ளே வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் கையில் போன் வரும்போது பெரியப்பா, சித்தி, டியூஷன் டீச்சர் எல்லாரும் அங்கே காத்திருந்தார்கள். ஒரு பெண் நண்பர்களோடு நிற்கும் படத்தைப் போட்டால், மறுநாளே யாராவது ஒருவர் அவள் அப்பாவுக்குப் போன் அடிப்பார். அப்புறம் ஒளிக்காமல் என்ன செய்வாள்?

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கே படகு தேவை, யார் மாடியில் சிக்கியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் முகம் தெரியாதவர்கள் பொதுவில் எழுதி, முகம் தெரியாதவர்கள் பகிர்ந்ததால்தான் பரவியது. இருபது பேர் மட்டும் பார்க்கும் ஸ்டோரியால் அது முடியுமா? அவளிடமே கேட்டேன்.

"வெள்ளம் வந்தா நானும் பப்ளிக்லதான் போடுவேன் மாமா. நீங்க குடிக்கிற காபிக்கு எதுக்கு பப்ளிக்?"